இடுப்பில் உறைக்கத்தியா, பாக்கெட்டில் மடக்குக்கத்தியா?

கம்பம்_வாழைக்காரன்:
ஆறு வருடம் மடக்குக்கத்திதான் வைத்திருந்தேன். போன ஐப்பசியில் நிறுத்திவிட்டேன். காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாள், தார் போட்ட வாழைமரம் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. இடது தோளில் அதைத் தாங்கிக்கொண்டு, பழைய முட்டுக்கயிறை அறுக்கக் கத்தியை எடுத்தேன். கையெல்லாம் சேறு. அலகில் நகம் மாட்டும் பள்ளம் வழுக்கிக்கொண்டே போகிறது, விரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் இழுத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இப்போது இடுப்பில் 8 செ.மீ. அலகுள்ள உறைக்கத்தி. உருவினால் வேலை, செருகினால் முடிந்தது. தினமும் கத்தி வேண்டும் என்கிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

வயர்மேன்_மதுரை:
அண்ணே, தோட்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி. "யாருக்கும்" என்றதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் தினமும் நாலு வீட்டுக்குள் போகிறவன். இடுப்பில் உறையோடு கத்தி தொங்கினால் கதவைத் திறக்கிற அம்மா முகமே மாறிவிடும். அப்புறம் ஏணி. மேல்படியிலிருந்து ஒருமுறை சறுக்கி விழுந்தேன். சட்டைப்பையில் மடங்கிக் கிடந்த கத்தியால் ஒரு கீறல்கூட இல்லை. நான் வைத்திருப்பது ஒபினல் என்கிற பிரெஞ்சு மடக்குக்கத்தி, 8ஆம் நம்பர். அலகு 8.5 செ.மீ., எடை ஐம்பது கிராம்கூட வராது. பைக்கில் உட்கார்ந்தாலும் தொடையில் குத்தாது.

கம்பம்_வாழைக்காரன்:
தம்பி, மடக்குக்கத்தியில் எனக்குப் பயமே மூட்டுதான். அலகைக் குத்தித் திருப்பினால் அத்தனை விசையையும் ஒரு சின்ன ஆணி தாங்க வேண்டும். பூட்டு இல்லாமல் பின்பக்கம் ஸ்பிரிங் மட்டும் இருக்கிற ரகத்தில், மூட்டையைக் குத்தும்போது அலகு விரல் மேல் மடங்கும். எனக்கு ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. அடுத்தது வாழைக்கறை. மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் பசை மாதிரி இறுகிவிடும், மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும். உறைக்கத்தியைத் தண்ணீரில் அலசித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பனையேறுகிறவர்களைப் பாருங்கள். பாளை அரிவாளை இடுப்புப் பெட்டியில் செருகிக்கொண்டுதான் மரமேறுகிறார்கள். ஒரு கையால் எடுத்து ஒரு கையால் வைக்க வேண்டிய வேலைக்கு அதுதான் வழி.

வயர்மேன்_மதுரை:
விரலில் மடங்குகிற கதை ஒபினலுக்குப் பொருந்தாது அண்ணே. பிடியின் கழுத்தில் ஒரு இரும்பு வளையம் உண்டு, திருப்பிவிட்டால் அலகு அசையாது. 1890இல் தொடங்கிய கத்திக்கு 1955இல் அந்த வளையத்தைச் சேர்த்தார்கள். நீங்கள் சொன்ன அதே பயத்துக்காகத்தான்.

கம்பம்_வாழைக்காரன்:
வளையம் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அதன் பிடி மரம். ரெண்டு நாள் மழையில் நனைந்து ஊறியதும் அலகு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மழையில்தான் எனக்குக் கத்தியே வேண்டும்.

ஈஸ்ட்ஹாம்_தமிழன்:
நான் இருக்கிற இங்கிலாந்தில் சட்டமே பாதியை முடிவு செய்துவிடுகிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைத்தான் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். விரித்ததும் பூட்டிக்கொள்கிற கத்தியை அந்தக் கணக்கில் மடக்குக்கத்தியாகவே நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதனால் அந்த வளையம் வைத்ததற்கும் உறைக்கத்திக்கும் வேலை போன்ற தக்க காரணம் காட்ட வேண்டும். விரலுக்குப் பாதுகாப்பான பூட்டுதான் தெருவில் சிக்கல். எனக்குப் பூட்டில்லாத சின்ன சுவிஸ் கத்திதான் கதி. அதைக் குத்துவதற்கு எடுப்பதே இல்லை, இழுத்து அறுக்க மட்டும்.

வயர்மேன்_மதுரை:
நம் ஊர் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால்தான் கத்தி ஆயுதப் பட்டியலுக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கும் உண்டு. இருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பதை நான் செய்ய மாட்டேன்.

ஒட்டுமாங்கன்று:
நாற்றங்காலில் ஒட்டுக்கட்டுவது, அதாவது ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு கன்றில் பொருத்தி வளர்ப்பது, என் வேலை. உறையைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணா? தோட்டத்தில் உறைக்குள் மண் விழும். ஒவ்வொரு முறை உருவும்போதும் அந்த மணல் அலகின் கூர்மேல் உரசும். ஒட்டுக்குச்சியை ஆப்பு மாதிரி ஒரே இழுப்பில் சீவ வேண்டும். வெட்டு வழவழவென்று இல்லாவிட்டால் இரண்டு பட்டையும் ஒட்டாது, குச்சி காய்ந்துவிடும். மடக்குக்கத்தியில் கூர் பிடிக்குள் எதிலும் படாமல் நிற்கிறது. ஒட்டுக்கத்திகளில் மடக்குகிற ரகமே அதிகம் புழங்குவதற்கு இதைத்தான் காரணமாகப் பார்க்கிறேன்.

கம்பம்_வாழைக்காரன்:
இது நான் யோசிக்காத இடம், தங்கச்சி. தோல் உறையை விட்டுவிட்டேன். மழையில் ஈரம் கோத்து அலகில் துரு பூத்தது. இப்போதிருப்பது அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறை. வாரம் ஒருமுறை குழாயடியில் பிடித்தால் மண் கீழே வந்துவிடும். கயிறையும் குழாயையும் அறுக்க அந்தக் கூர் போதும், ஒட்டுக்குப் போதாதுதான். என் வீட்டு மாமரத்துக்கு ஒட்டுக்கட்ட வருகிறவரும் மடக்குக்கத்திதான் கொண்டுவருகிறார். அதைப் பச்சை பெல்ட் பைக்குள் துணி சுற்றி வைத்திருப்பார், வேறு எதையும் அதால் அறுக்க விடமாட்டார்.

வயர்மேன்_மதுரை:
அப்படியென்றால் "யாருக்கும்" என்பதை எடுத்துவிடுங்கள் அண்ணே.

கம்பம்_வாழைக்காரன்:
எடுத்துவிட்டேன். மழையில், ஒற்றைக் கையில் வேலை செய்கிறவர்களுக்கு என்று போட்டுக்கொள்ளுங்கள். அதை விட்டுத்தர மாட்டேன்.