புதுப்பிப்பு: அம்பாசடர் முன் சீட் குழி சரியானது, சீட் மாற்றவில்லை

கடலோர ஊரான மண்டபத்தில் ஓடும் அம்பாசடர் காரின் முன் சீட், ஓட்டுநர் பக்கம் குழிந்துவிட்டது, மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. “முதல்ல ரெக்சினைப் பிரிச்சுப் பாருங்க” என்றதுதான் பலித்தது.

ஸ்பிரிங் முறியவில்லை. மேலே விரித்திருந்த சாக்கு மக்கிப்போய், ஃபோம் ஸ்பிரிங் வளையங்களுக்குள் இறங்கியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் பெயின்ட்) மெல்லிசாக அடித்தோம். தடித்தால் ஸ்பிரிங் அசைய அசைய உரிந்துவிடும். பிறகு புதுச் சாக்கு, 40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம் 2 அங்குலம். முதலில் 3 அங்குலம் போட்டதில் தொடை ஸ்டியரிங்கில் இடித்தது. ரெக்சினை அரைமணி வெயிலில் காட்டி இழுத்ததால் சுருக்கமில்லை. தையலுக்கு நைலான் நூல்.

எதிர்பாராதது சீட் போல்ட்தான். உப்புக்காற்றில் இறுகி, ஒன்றின் தலை முறிந்தது. முந்தின ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். திரும்பப் பூட்டும்போது கிரீஸ்.