கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவுக்கு வேட்டி போதுமா, கோட்டு எடுத்தே ஆக வேண்டுமா?

பார்வதிபுரம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். வரும் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, நான், மனைவி, ஒன்பது வயது மகன் எல்லோருக்கும் சேர்த்து அங்கிருந்து கிளம்பும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் நாலு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அப்பாவுக்கு 73 வயது. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், வேலைக்குப் போனதும் வேட்டியில்தான், என் கல்யாணத்தில் நின்றதும் வேட்டியில்தான். பாண்ட் போட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

நேற்று தங்கை அனுப்பிய தாளில் ஒரு இரவு ‘ஃபார்மல்’, மற்ற இரவுகள் ‘ஸ்மார்ட் கேஷுவல்’, ‘கேஷுவல்’ என்று போட்டிருக்கிறது. ஃபார்மல் இரவுக்கு ஆண்கள் கோட்டு சூட்டு, டை என்று அவள் சொல்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து அப்பா, ‘அப்போ நீங்க போய் சாப்பிடுங்க, நான் ரூமிலேயே ரெண்டு பழம் சாப்பிட்டுக்கிறேன்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொல்கிறார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாலு நாளுக்காக அவருக்குக் கோட்டு தைப்பதா? வேட்டியில் போனால் வாசலில் நிறுத்துவார்களா? எனக்கும் பையனுக்கும் என்ன எடுத்துவைப்பது என்றும் சொல்லுங்கள். போய் வந்தவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

குளச்சல் கரை:

அண்ணே, நான் பதினோரு வருடம் இந்த மாதிரிக் கப்பல்களில் டைனிங் ஹாலில் வேலை செய்தவன், தட்டு எடுப்பதில் ஆரம்பித்து கடைசியில் ஒரு பகுதி மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரைக்கும். அப்பாவை ரூமில் விட்டுவிட்டு மட்டும் சாப்பிடப் போகாதீர்கள், அதற்கு அவசியமே இல்லை.

முதலில் இந்த மூன்று வார்த்தைகளுக்கு அர்த்தம். கேஷுவல் என்றால் காலர் வைத்த டீ ஷர்ட், பாண்ட், நல்ல ஜீன்ஸ் கூடப் பரவாயில்லை. நீச்சல் குளத்திலிருந்து அப்படியே வரும் ஈர டிரவுசர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு, தொப்பி இதெல்லாம் பெரிய டைனிங் ஹாலில் எந்த இரவும் ஆகாது. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் நீங்கள் ஆபீஸுக்கோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ போட்டுப் போவது: பாண்ட், இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. ஃபார்மலுக்குத்தான் கோட்டு, டை, சிலர் கருப்பு டக்ஸீடோ என்ற விருந்துக் கோட்டு, போ டை. ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒன்றல்ல. குனார்ட் கம்பெனியின் குயின் மேரி 2 மாதிரிக் கப்பல்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பாலான இடங்களில் உடையைக் கவனிப்பார்கள், காலா இரவு, அதாவது கொண்டாட்ட இரவு என்று வைத்து டக்ஸீடோ, இருண்ட நிற சூட்டு என்று எழுதியே கொடுப்பார்கள். நார்வீஜியன் கம்பெனிக்காரர்கள் அதற்கு நேர் எதிர், ஃபார்மல் இரவு என்று கட்டாயமே வைப்பதில்லை. கார்னிவல், ராயல் கரீபியன் எல்லாம் நடுவில். மூன்றிலிருந்து ஐந்து இரவுப் பயணமென்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபார்மல் இரவு, ஏழு இரவு என்றால் இரண்டு. அதுவும் கரைக்குப் போகாமல் முழுநாளும் கடலில் ஓடும் நாளில் வைப்பார்கள், ஆட்கள் நிதானமாகக் குளித்து உடுத்தி வர நேரம் இருக்கும் என்பதால்.

இப்போது வேட்டி விஷயம். அந்த குனார்ட் காலா இரவிலேயே டக்ஸீடோவுக்குப் பக்கத்தில் ‘சொந்த நாட்டு மரபுடை’ என்று எழுதியிருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் கட்டி வருவார்கள், அது நம் கண்ணுக்குப் பாவாடை மாதிரிதான் இருக்கும், அங்கே அதுதான் மாப்பிள்ளை உடுப்பு. அப்படியிருக்க பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் எந்த வகையில் குறைந்தது? நான் வேலை பார்த்த ஹாலில் வேட்டி கட்டிய பெரியவர்களை நானே மேசைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் நிற்பவன் பார்ப்பது ஒன்றே ஒன்று, இந்த மனிதர் இன்றைய இரவுக்கென்று உடுத்தி வந்திருக்கிறாரா, இல்லை கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்தாரா என்பதைத்தான். அதனால் வீட்டில் கட்டும் ஒற்றை வேட்டி வேண்டாம். கசவுக் கரை வைத்த டபுள் வேட்டி, அல்லது பட்டு. தோளில் துவர்த்துத் துண்டு போடாமல் நேரியல் போடச் சொல்லுங்கள், மடிப்பு எடுத்து இடது தோளில் விழுகிற மாதிரி. சட்டை கை முழுசாக இருக்கட்டும், மணிக்கட்டில் பட்டன் போடட்டும், சுருட்டி விட வேண்டாம். மடித்துக் கட்டுவது கூடவே கூடாது, அது நம்மூரில் நடக்கும்போது கை தானாகச் செய்கிற வேலை, அதை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காலுக்குப் பின்பட்டை வைத்த தோல் செருப்பு. விரலிடுக்கில் மாட்டும் ரப்பர் செருப்பு என்றால்தான் பிரச்சினை வரும்.

இருந்தாலும் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் பதில் இருந்தால் அப்பாவுக்கும் மனசு திடமாக இருக்கும்.

தக்கலை அக்கா:

தம்பி, உடை என்ன என்பதை அவர் சொல்லிவிட்டார், எப்படி எடுத்துப் போவது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அதில்தான் மாட்டினோம். போர்டிங் அன்று பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவையெல்லாம் ரூம் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும், சில சமயம் ராத்திரியே ஆகிவிடும். எங்கள் வீட்டுக்காரர் பயணத்துக்கு வசதி என்று அரை டிரவுசரில் வந்தவர், சாப்பாட்டு நேரம் வந்தும் பெட்டி வரவில்லை, டைனிங் ஹால் வாசலில் ஒரு பெண் ரொம்பப் பணிவாக ‘பாண்ட் போட்டு வாருங்கள்’ என்று சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கல்யாண நாளுக்கென்று போன பயணத்தில் முதல் ராத்திரியே இவர் முகம் சுருங்கிப்போனது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மேலே பஃபேயில் போய்ச் சாப்பிட்டோம். அங்கே இந்தக் கட்டுப்பாடெல்லாம் அவ்வளவு இல்லை, ஃபார்மல் இரவிலும் சாதாரண உடுப்பில் உட்காரலாம், அது உங்களுக்கும் ஒரு வழி. அதனால் கையில் வைத்திருக்கும் பையில் ஆளுக்கு ஒரு செட் உடுப்பு, அப்பாவின் மாத்திரை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் பயத்தால் ரூமில் அதற்கு அனுமதி இல்லை, ஸ்கேனில் பார்த்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் தருவார்கள். சில கப்பல்களில் நாமே துணி துவைத்து இஸ்திரி போடும் அறை இருக்கிறது, இல்லாத கப்பலில் காசு கொடுத்துப் போட்டு வாங்க வேண்டும். பட்டு வேட்டியை ஊரிலேயே தேய்த்து, நடுவில் ஒரு பழைய பருத்தித் துணியை வைத்து, மடிக்காமல் உருளையாகச் சுருட்டிப் பெட்டியின் மேலாக வையுங்கள், கோடு விழாது. எங்கள் அம்மா கல்யாணப் புடவையை இப்படித்தான் வைப்பார்.

இன்னொன்று, சாப்பாட்டு ஹாலில் ஏசி பயங்கரமாக இருக்கும். 73 வயதுக்காரருக்கு சட்டைக்குள் பனியன் கட்டாயம் வேண்டும்.

மார்த்தாண்டம் சந்தை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அப்பாவுக்கு வேட்டி சரி, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்களுக்குக் கோட்டு வேண்டும் என்பேன். ஒரு இடத்துக்கு ஒரு முறை என்று வைத்திருந்தால் அதற்கு மரியாதை கொடுப்பதுதான் அழகு. சுசீந்திரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவிலுக்கு பாண்ட் போட்டு வருகிறவர் வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டுதானே உள்ளே போகிறார்? அங்கே நாம் சொல்வதை அவர்கள் கேட்கிறார்கள், இங்கே அவர்கள் சொல்வதை நாம் கேட்போம். அந்த ஒரு ராத்திரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து உடுத்தி வருகிறவர்கள் அந்த ஹாலில் இருப்பார்கள், பக்கத்து மேசையில் நாம் கசங்கிய சட்டையில் உட்கார்ந்தால் அது அவர்களுடைய ராத்திரியையும் கெடுக்கும்.

புதிதாக வாங்கச் சொல்லவில்லை. நம் குமரி மாவட்டத்தில், அதிலும் மேற்குப் பக்கம், சர்ச்சில் கல்யாணம் செய்த ஆம்பிளை ஒவ்வொருத்தன் பீரோவிலும் ஒரு கல்யாணக் கோட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அண்ணன் தம்பி, மச்சான் யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள். என்னுடையது 2009-இல் தைத்தது, இப்போது இடுப்பில் பற்றவில்லை. தைத்துக் கொடுத்தவரிடமே கொண்டு போனேன், நல்ல தையல்காரர், உள்தையலில் துணி விட்டுத்தான் தைத்திருந்தார். பாண்டின் பின்பக்கத் தையலைப் பிரித்து ஒன்றரை இஞ்ச் விட்டார், கோட்டில் பட்டனை நகர்த்தினார், அவ்வளவுதான். தோள் மட்டும் சரியாக உட்கார வேண்டும், தோள் சரியில்லை என்றால் எந்தத் தையல்காரராலும் அதைச் சுலபத்தில் சரிசெய்ய முடியாது, அந்தக் கோட்டை விட்டுவிட்டு வேறு பாருங்கள். நிறம் கருப்போ கருநீலமோ. மாப்பிள்ளைக்குத் தைக்கிற மினுமினுப்பு வைத்த கோட்டு வேண்டாம்.

பையனுக்குக் கோட்டு தேவையில்லை, கருப்பு பாண்ட், வெள்ளைச் சட்டை, ஸ்கூல் ஷூவைப் பாலிஷ் போட்டுக் கொடுங்கள்.

வடசேரி வாசகர்:

வேட்டியைத் தடுத்தால் சட்டப்படி கேட்கலாமே என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் நிறுத்தியது பெரிய செய்தியானது நினைவிருக்கும். அதற்குப் பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ உடுத்தி வந்ததற்காக கிளப், சங்கம் போன்ற இடங்களில் ஒருவரைத் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் இருக்கும் இடங்களுக்குத்தான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா மாதிரி ஏதாவது ஒரு நாட்டில் பதிவானதாக இருக்கும், அங்கே கம்பெனி போட்ட விதிதான். ஆகவே குளச்சல் நண்பர் சொன்ன மாதிரி முன்னாடியே கேட்டு வாங்கி வைப்பதுதான் வழி. வாசலில் நின்று வாதாடி அப்பாவைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

அப்புறம், வயதானவருக்கு ஆடும் தரையில் வேட்டி அவிழுமோ என்ற பயம் இருக்கும். இப்போது ஒட்டும் பட்டை வைத்த வேட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, பாக்கெட்டும் இருக்கும், ரூம் கார்டை அதில் போட்டுக்கொள்ளலாம்.

பார்வதிபுரம்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கம்பெனிக்கு எழுதினேன், இரண்டு நாளில் பதில் வந்தது: ஃபார்மல் இரவில் மரபுடை தாராளமாக உடுத்தலாம், அப்பாவை வரவேற்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி, பாச்சா உருண்டை வாசனையோடு வெளியே வந்து இப்போது கொடியில் காற்றாடிக்கொண்டிருக்கிறது.

ஒட்டும் வேட்டி வேண்டாம் என்கிறார், பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்கிறாராம். நான் மச்சானின் கருநீலக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், தோள் சரியாக இருக்கிறது, கையை மட்டும் அரை இஞ்ச் இறக்கக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஹாலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அப்பா கேட்கிறார். அப்புறம் குழம்பு சிந்திவிடுமோ என்ற பயம் வேறு.

குளச்சல் கரை:

செருப்பைக் கழற்ற வேண்டாம் அண்ணே, எல்லோரும் போட்டபடிதான் இருப்பார்கள். மேசைக்குப் போனதும் வெயிட்டர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பான், அவர் வேட்டியின் முன்மடிப்பை ஒரு கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு உட்காரட்டும், இல்லையென்றால் நாற்காலியை உள்ளே தள்ளும்போது கரை காலுக்கு அடியில் மாட்டும். மேசையில் இருக்கும் நாப்கின் பெரியது, அதைப் பாதியாக மடிக்காமல் மடி முழுக்க விரிக்கச் சொல்லுங்கள். வெயிட்டரிடம் இன்னொன்று கேட்டாலும் உடனே கொண்டுவந்து தருவான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நேரியலில் தோள்பக்கம் உள்ளுக்குள் ஒரு ஊக்கு குத்திவிடுங்கள், குனிந்து சாப்பிடும்போது தட்டில் விழாது. வெளித்தளத்துக்குப் போகும் சில கதவுகளில் அடியில் உயரமான படி இருக்கும், அங்கே மட்டும் நீங்கள் முன்னால் போய்க் கையைக் கொடுங்கள். ஃபார்மல் இரவன்று ஹாலுக்கு வெளியே போட்டோ எடுப்பவர்கள் நிற்பார்கள், எடுப்பதற்குக் காசு இல்லை, பிரிண்ட் வேண்டுமென்றால்தான் காசு. அப்பாவையும் அம்மாவையும் மட்டும் நிற்கவைத்து ஒன்று எடுத்து, அந்த ஒன்றை வாங்கிவிடுங்கள்.