வெரிட்டோ பின் சக்கர பேரிங்: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கோவை_டீசல்:
வணக்கம். வண்டி 2012 மஹிந்திரா வெரிட்டோ டீசல், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இல்லாத மாடல், பின்னால் டிரம் பிரேக். நாற்பதைத் தாண்டினால் பின்பக்கம் ஒரு இரைச்சல் கிளம்புகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. எண்பதில் பின் சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். நியூட்ரலில் உருட்டிப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருக்கிறது, அதனால் இன்ஜின் இல்லை. பட்டறையில் காட்டினால் ஓட்டிக்கூடப் பார்க்காமல் "ரெண்டு பக்கமும் டிரம்மோட மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு டயர் வாங்கிவிடலாம். வீட்டில் ஜாக்கி ஸ்டாண்ட், பாக்ஸ் ஸ்பானர் செட், நீளமான கம்பி எல்லாம் இருக்கிறது. பிரேக் ஷூ நானே மாற்றியிருக்கிறேன். பேரிங்கும் நானே மாற்றலாமா? எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரோடு_வண்டிக்காரன்:
டயராகவும் இருக்கலாம் தம்பி. பின் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் இதே சத்தம்தான் வரும். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ரம்பம் மாதிரி தட்டினால் டயர். இல்லையென்றால் பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

பட்டறை_மாமா:
ஈரோட்டுக்காரர் சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் ஆள் இல்லாத அகலமான ரோட்டில் ஐம்பது, அறுபதில் போகும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக வலது பக்கம் ஒடியுங்கள். பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங். இடது பக்கம் ஒடித்தால் கூடுகிறது என்றால் வலது.

அடுத்து முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின்னால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையை சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் ஸ்பிரிங்கில் கரகரப்பு கையிலேயே தெரியும். காதைவிட இது நம்பகமானது. மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சத்தம் முதலில் வரும், ஆட்டம் கடைசியில்தான் வரும்.

கோவை_டீசல்:
டயரை மாற்றிப் போட்டேன், சத்தம் பின்னாலேயேதான் இருக்கிறது. வலது பக்கம் ஒடித்தால் கூடுகிறது. இடது ஸ்பிரிங்கில் கை வைத்தால் மாவு அரைக்கிற மாதிரி இருக்கிறது, வலது சுத்தமாக இருக்கிறது. அப்போ இடது பேரிங் மட்டும்தானே? டிரம்மோடு மாற்ற வேண்டுமா?

பட்டறை_மாமா:
இடதுதான். வெரிட்டோ என்பது பெயர் மாற்றிய பழைய ரெனோ லோகன் கார்தான். இதில் டிரம்மும், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பும் ஒரே வார்ப்பு. இரட்டை வரிசை பேரிங் ஒன்று டிரம்மின் நடுவில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அது வெளியே வராமல் ஒரு சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் கம்பி வளையம்) தடுக்கும். ஸ்டப் ஆக்சில், அதாவது சக்கரம் சுற்றும் குட்டை அச்சின் நட்டைக் கழற்றினால் டிரம், பேரிங் எல்லாம் மொத்தமாக வெளியே வந்துவிடும். டிரம் தேயாமல் இருந்தால் பேரிங் மட்டும் மாற்றினால் போதும். விளிம்பில் தடித்த உதடு மாதிரி நிற்கிறதா, உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டிரம் மேலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருப்பார்கள், அதைத் தாண்டியிருந்தால் டிரம்மும் போச்சு.

கழற்றுவது, மாட்டுவது எல்லாம் நீங்களே செய்யலாம். பழைய பேரிங்கை எடுத்துப் புதியதை ஏற்றும் வேலைக்கு மட்டும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏதாவது லேத் பட்டறைக்குப் போங்கள். கோவையில் ஹைட்ராலிக் பிரஸ் இல்லாத தெருவே கிடையாது. சுத்தியலால் அடித்து ஏற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். டிரம் வார்ப்பிரும்பு, அடி தவறினால் விரிசல் விடும்.

பாரிஸ்_கிளியோ:
நான் பிரான்சில் இருக்கிறேன். இங்கே பழைய ரெனோ கிளியோ காரிலும் இதே அமைப்புதான், என் வண்டியில் நானே மாற்றினேன். இங்கே பேரிங் ஏற்றிய டிரம்மையே ஜோடியாக விற்கிறார்கள், பிரஸ் தேவையே இல்லை. அங்கேயும் அப்படிக் கிடைத்தால் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பேரிங் மட்டும் வாங்குவதானால் புது நட்டும் புது சர்க்ளிப்பும் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். அந்த நட் தானே பூட்டிக்கொள்ளும் வகை, ஒரு முறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு: பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி ஏற்றினால் மீட்டர் பலகையில் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

கோவை_டீசல்:
நட்டை எடுக்கும் முறை சொல்லுங்கள். எந்த அளவு? பிரஸ்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பட்டறை_மாமா:
30 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானர். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட்பிரேக் போட்டு, நடுவில் உள்ள தகர மூடியைத் தட்டி எடுத்துவிட்டு நட்டை இளக்குங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அந்த நட்டில் தொங்கினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியலாம். விபத்து நடக்கும் இடம் இது.

இளக்கிய பிறகு தூக்குங்கள், ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம் வராமல் அடம்பிடித்தால் ஷூ அந்த உதட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் கேபிளை வண்டிக்கு அடியில் நன்றாகத் தளர்த்திவிட்டு டிரம்மை ஆட்டி ஆட்டி இழுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிரஸ்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஏற்றும்போது அழுத்தம் பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுக்க குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் குழி விழும். புது பேரிங் வண்டியில் ஏறும் முன்பே கெட்டுவிடும், சத்தம் சில நாளில் திரும்ப வரும், கம்பெனியைத் திட்டுவோம். பழைய பேரிங்கின் வெளி வளையத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் அரைத்துவிட்டு மேலே வைத்து அழுத்தச் சொல்லுங்கள், அரைக்காவிட்டால் அதுவும் டிரம்முக்குள் மாட்டிக்கொள்ளும். சர்க்ளிப்பை முதலில் எடுக்காமல் பிரஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோவை_டீசல்:
இன்று காலை ஆரம்பித்தேன். நட் வந்தது, டிரம் வந்தது, ஆனால் பேரிங் பிளந்து அதன் ஒரு உள் வளையம் ஸ்டப் ஆக்சிலிலேயே ஒட்டிக்கொண்டது. இழுத்தால் அசையவில்லை. போட்டோ வீட்டம்மா போனில் எடுத்திருக்கிறேன், பிறகு போடுகிறேன். இப்போது என்ன செய்வது?

ஈரோடு_வண்டிக்காரன்:
பயப்படாதீர்கள், பெரும்பாலும் இப்படித்தான் வரும். இரண்டு கால் புல்லர் (வளையத்தைப் பிடித்து இழுக்கும் கருவி) கிடைத்தால் அதன் நகம் வளையத்தின் பின்னால் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் சின்ன கிரைண்டரில் வளையத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு போடுங்கள். முழுசாக வெட்ட வேண்டாம். முக்கால் ஆழம் போனதும் நிறுத்தி, உளியை அந்தக் கோட்டில் வைத்து ஒரு தட்டு. வளையம் கடினப்படுத்திய எஃகு, டிக்கென்று வெடித்துத் தளர்ந்துவிடும். கண்ணாடி கட்டாயம். ஸ்டப் ஆக்சிலில் கிரைண்டர் பட்டால் பேரிங் செலவு போய் ஆக்சில் செலவு வரும். பொறி தெறிக்கும், அதனால் பிரேக் ஷூ, பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள்.

பாரிஸ்_கிளியோ:
வளையம் வந்ததும் ஆக்சிலை நைசான எமரித் தாளால் துடைத்து, நீலம் பாய்ந்திருக்கிறதா, விரலால் தடவினால் தட்டுப்படும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள் வளையம் ஆக்சில் மேல் சுழன்றிருந்தால் அந்த அடையாளம் தெரியும். அப்படியென்றால் புது பேரிங் நிற்காது.

கோவை_டீசல்:
கோடு போட்டு உளியில் தட்டியதும் வந்துவிட்டது. ஆக்சில் சுத்தமாக இருக்கிறது. பிரஸ் வேலையும் முடிந்தது, சர்க்ளிப் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. இப்போது நட் இறுக்கம். என்னிடம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை. "நல்லா டைட் பண்ணு" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அது எவ்வளவு?

பட்டறை_மாமா:
"நல்லா டைட்" என்பது அளவே இல்லை. இந்த நட்டுக்கு 175 நியூட்டன் மீட்டர். இரட்டை வரிசை பேரிங்கில் இரண்டு உள் வளையங்களும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்க வேண்டும், அதைச் செய்வது நட் மட்டும்தான். இறுக்கம் குறைந்தால் வளையங்கள் விலகி ஆட்டம் வரும், பேரிங் சீக்கிரம் போகும். ரெஞ்ச் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கணக்கு இது: நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் தூரத்தில், கம்பி தரைக்குக் கிடையாக இருக்கும்போது 18 கிலோ எடை தொங்கினால் கிட்டத்தட்ட 176 வரும். கம்பியின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும், அதனால் இது துல்லியம் இல்லை, ஆனால் குத்துமதிப்பை விட நூறு மடங்கு மேல். இளக்கியது போலவே, கடைசி இறுக்கமும் சக்கரம் தரையில் இருக்கும்போது. பேரிங்குக்குள் கிரீஸ் திணிக்க வேண்டாம், சீல் போட்டுத்தான் வருகிறது.

ஈரோடு_வண்டிக்காரன்:
வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலைப் பல முறை மிதியுங்கள். ஷூ தள்ளி இருக்கும், முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். கேபிளைத் தளர்த்தியது ஞாபகம் இருக்கட்டும், அதையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்யுங்கள். அப்படியே வலது பக்கத்தையும் மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வயசு.

பட்டறை_மாமா:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலது சத்தமில்லாமல் சுற்றுகிறது. நன்றாக இருக்கும் பேரிங்கை எதற்குப் பிடுங்குவது? ஷாக் அப்சார்பர் மாதிரி ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் இல்லை இது.

கோவை_டீசல்:
டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தது, 175 வைத்தேன். அவினாசி ரோட்டில் எண்பது வரை ஓட்டினேன், இரைச்சல் சுத்தமாக இல்லை. திரும்பி வந்து ஹப்பைத் தொட்டேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு. வலது பக்கத்தை இப்போதைக்குத் தொடவில்லை. அடுத்த முறை ஷூ மாற்ற டிரம்மைக் கழற்றும்போது எப்படியும் புது நட் போட வேண்டுமே, அப்போது அதையும் மாற்றிக்கொள்கிறேன். இப்போது முன் கண்ணாடிப் பக்கம் ஒரு கிரீச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது, இவ்வளவு நாள் பேரிங் சத்தத்தில் அது கேட்கவே இல்லை. அதைத் தனியாகக் கேட்கிறேன்.