ராமென் பஞ்சாயத்து: ‘பெரிய வீடு’ குழு, சனிக்கிழமை மதியம்

பாப்பா (ஃபுகுவோகா): [படம்]
இன்றைய மதியச் சாப்பாடு, நாகஹாமா ராமென் (இங்கே நாகஹாமா பகுதியின் சூப் நூடுல்ஸ்). டோக்கியோவில் இருப்பவர்கள் பார்த்து வயிறெரியலாம் 😌

அண்ணன் (டோக்கியோ): வயிறு எரியவில்லை. மேலே மிதக்கிற கொழுப்பைப் பார்த்தால் நெஞ்சுதான் எரிகிறது.

அம்மா: சூப் ஏன் இவ்வளவு வெள்ளை? பால் ஊற்றுவார்களா?

பாப்பா: ஒரு சொட்டு கிடையாது அம்மா. பன்றி எலும்பை மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்க விடுவார்கள். எலும்பு மஜ்ஜையும் கொழுப்பும் உடைந்து தண்ணீரோடு ஒன்றாகிவிடும், அந்த நிறம்தான். டோங்கோட்சு என்று பெயர். பக்கத்தில் குருமே என்ற ஊரில் 1937இல் ஒரு தெருவோரக் கடையில் ஆரம்பித்தது. அப்போது இவ்வளவு வெள்ளை இல்லையாம். 1947இல் வேறொரு கடையில் அடுப்பைக் கவனிக்காமல் விட்டு, கொதித்துக் கொதித்து வெள்ளையாகிவிட்டது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

சித்தப்பா: நாங்கள் ஏப்ரலில் வருகிறோமே, எது நம்பர் ஒன்? கதை வேண்டாம், ஒரே வரியில் சொல்லுங்கள்.

பாப்பா: ஃபுகுவோகா.

அண்ணன்: டோக்கியோ.

சித்தி: அவர் கடையைக் கேட்டார். ஊரை யார் கேட்டது?

அண்ணன்: 😂 சித்தப்பா, ஒரே வரியில் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். ஷோயு, ஷியோ, மிசோ என்று மெனுவில் இருப்பதெல்லாம் உப்புக்காகச் சேர்ப்பது. சோயா சாஸ், உப்பு, புளிக்கவைத்த சோயா விழுது, அவ்வளவுதான். தாரே என்பார்கள். டோங்கோட்சு என்பது சூப்பின் பெயர். கவுண்டரில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும்: காலிக் கிண்ணத்தில் முதலில் ஒரு சின்னக் கரண்டி தாரே, கொஞ்சம் வாசனை எண்ணெய், அப்புறம்தான் சூப். நூடுல்ஸை உதறிப் போட்டு, குச்சியால் தூக்கி ஒரு மடிப்பு மடித்து வைப்பார்கள். தாரே, எண்ணெய், சூப், நூடுல்ஸ், நாலும் கடைக்குக் கடை வேறு. இதில் எதை வைத்து நம்பர் போடுவது?

அம்மா: சரிதானே. ரசத்தையும் ஆட்டுக்கால் பாயாவையும் பக்கத்தில் வைத்து எது ஒசத்தி என்றால் என்ன சொல்வது?

பாப்பா: அம்மா கட்சி மாறிவிட்டார் 😤
சரி, டோங்கோட்சுவுக்குள்ளேயே ஒப்பிடுகிறேன், கேளுங்கள்.

பாப்பா: இப்புடோ. 1985இல் இங்கே டைம்யோ பகுதியில் தொடங்கிய கடை. அங்கே ஷிரோமாரு என்ற ராமென் வாங்கினால் சூப் வழவழவென்று இருக்கும், பன்றி வாடை அவ்வளவாக வராது. முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். அகாமாரு என்ற இன்னொரு வகையில் கார மிசோவும் பூண்டு எண்ணெயும் சேர்ப்பார்கள்.

பாப்பா: இச்சிரான் வேறு மாதிரி. ஆளுக்கொரு தடுப்பு, பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. ஒரு தாளில் சூப் எவ்வளவு கெட்டி, எண்ணெய் எவ்வளவு, பூண்டு வேண்டுமா, நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பு என்று வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். நடுவில் சிவப்பாக ஒரு காரச் சாறு வரும். கலக்குவதற்கு முன் வெள்ளை சூப்பை இரண்டு வாய் குடித்துவிட வேண்டும், கலந்த பிறகு எல்லாமே காரம்தான்.

சித்தப்பா: தடுப்புக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதா? உன் சித்தி பேச்சுக்கு எங்கே போவாள்?

சித்தி: அந்தக் கடைக்கே போகலாம். நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

பாப்பா: 😂😂 ஆனால் என் ஓட்டு நாகஹாமாவுக்குத்தான். அது மீன் சந்தை இருக்கிற இடம். சந்தை ஆட்களுக்கு நிற்க நேரம் கிடையாது, அதனால் சட்டென்று வேகிற மெல்லிய நூடுல்ஸ். மெலிசாக இருப்பதால் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். அதனால் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்து, தீர்ந்ததும் ‘கயேதாமா’ என்று குரல் கொடுத்தால் இன்னொரு பிடி வெந்து வரும். மீதி சூப்பில் தட்டிவிட்டு, மேசையில் இருக்கிற குடுவையிலிருந்து கொஞ்சம் தாரே ஊற்றிக்கொள்ளலாம். நூடுல்ஸோடு வருகிற தண்ணீரில் உப்பு குறைந்துவிடும் அல்லவா, அதைச் சரிக்கட்ட. சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்தவன் பாடு திண்டாட்டம்.

அண்ணன்: இது நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன்.

பாப்பா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

அண்ணன்: என் பக்கம் அஃபுரி என்ற கடை. யூசு ஷியோ ராமென். கோழி வைத்து எடுத்த தெளிந்த சூப், அடியில் கிண்ணமே தெரியும். கோழி எண்ணெய் குறைவாகவா கூடுதலாகவா என்று முதலிலேயே கேட்பார்கள். குறைவாகவே வாங்குங்கள். கிண்ணத்தைக் கிட்டே இழுத்தவுடன் யூசு வாசனை வரும், எலுமிச்சை இனம்தான், ஆனால் புளிப்பு முன்னால் வராது. கறித்துண்டைக் கரியில் வாட்டிப் போடுவார்கள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மாலை வேலை பார்க்கலாம். டோங்கோட்சு குடித்துவிட்டு அது நடக்காது.

பாப்பா: வெந்நீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி 🙄

சித்தப்பா: மிச்செலின் நட்சத்திரம் வாங்கிய கடை இருக்கிறதாமே?

அண்ணன்: ராமெனில் முதலில் வாங்கியது சுகாமோவில் இருந்த சுதா, மிச்செலின் உணவக வழிகாட்டியின் 2016 டோக்கியோ பதிப்பில். அப்புறம் ஒட்சுகாவில் நாகிர்யூ, அது எள் விழுது போட்ட கார டான்டான்மென். ஆனால் நட்சத்திரம், நீண்ட வரிசை இரண்டையும் நம்பி எங்கும் போய் நிற்காதீர்கள். போன மாதம் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு மணி நேரம் நின்றேன். சூப் வெதுவெதுப்பாக வந்தது.

அம்மா: ஆறிப்போன சூப்பை யார் குடிப்பார்கள்?

அண்ணன்: கொதிக்கக் கொதிக்க வேண்டுமென்றால் வடக்கே சப்போரோ போக வேண்டும் அம்மா. சுமிரே என்று ஒரு கடை, மிசோ ராமென். மேலே பன்றிக் கொழுப்பு உருகி ஒரு படலமாக நிற்கும். ஆவியே வராது, ஆறிவிட்டதோ என்று நினைத்து வாயில் வைத்தால் நாக்கு போய்விடும். நூடுல்ஸும் கெட்டியாக, மஞ்சளாக, சுருள் சுருளாக இருக்கும். அந்த மிசோவுக்கு நாகஹாமா நூடுல்ஸ் தாங்காது. சப்போரோ இருக்கிற ஹொக்கைடோ தீவின் குளிருக்கு அதுதான் சரி.

சித்தி: எல்லாம் சரி, சைவம் சாப்பிடுகிற நான் எங்கே போவது?

அண்ணன்: உங்களுக்கு டோக்கியோ ஸ்டேஷனில் டீஸ் டான்டான் என்ற கடை. டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. எள் சூப், மேலே சோயாவில் செய்த கொத்து. மற்ற கடைகளில் ‘காய்கறி ராமென்’ என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள் சித்தி. மேலே முட்டைகோஸ் இருக்கும், சூப் பன்றியிலோ கோழியிலோ எடுத்ததாக இருக்கும். மீன் கருவாட்டுச் சாறும் சேர்ந்திருக்கும். அஃபுரியிலும் சைவக் கிண்ணம் உண்டு.

சித்தப்பா: நான் எல்லா ஊர் ராமெனும் சாப்பிட வேண்டும். ஃபுகுவோகா, சப்போரோ இரண்டுக்கும் போக நாள் போதாது.

பாப்பா: அண்ணா, ஷின் யோகோஹாமா?

அண்ணன்: அதைத்தான் சொல்ல வந்தேன். அங்கே ராமென் மியூசியம் இருக்கிறது, 1994இல் திறந்தது. உள்ளே 1958ஆம் வருஷத்துத் தெரு மாதிரி செட் போட்டிருப்பார்கள், முதல் இன்ஸ்டன்ட் ராமென் வந்த வருஷம். பல ஊர்க் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றிலும் பெரியவர்கள் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கியாக வேண்டும், ஆனால் சின்னக் கிண்ணம் உண்டு. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இருபது நிமிஷம்கூட ஆகாது.

பாப்பா: அங்கே டோங்கோட்சுவைக் கடைசியாகச் சாப்பிடுங்கள் சித்தப்பா. முதலில் அது போனால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும்.

அண்ணன்: முதல்தடவையாக இவள் சொல்வது சரி. லேசானதிலிருந்து கெட்டிக்குப் போங்கள்.

சித்தப்பா: ஜப்பானிய மொழி தெரியாதே, எப்படிக் கேட்பது?

அண்ணன்: பேசவே வேண்டாம். பெரும்பாலான கடை வாசலில் டிக்கெட் மிஷின் இருக்கும். எதுவும் புரியாவிட்டால் மேல் இடது மூலைப் பட்டனை அழுத்துங்கள், அந்தக் கடையின் முக்கிய ஐட்டம் அநேகமாக அங்கேதான் இருக்கும். பழைய மிஷின்கள் பத்தாயிரம் யென் நோட்டை வாங்காது.

சித்தி: ஆயிரமாக மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறேன். இங்கேயே மறந்துவிடுவார்.

சித்தப்பா: 👍