மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கெட்டுப்போனது: உங்கள் அனுபவம்?

காற்றுப் புகாத டப்பாவிலும் மாவில் வண்டு வருகிறதென்றால், பெரும்பாலும் அது வெளியிலிருந்து நுழைந்ததில்லை. வாங்கும்போதே முட்டை உள்ளே இருந்திருக்கும். புது மாவையோ பருப்பையோ பையோடு -18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். எடுத்த உடனே பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க விட்ட பிறகுதான் டப்பாவுக்கு மாற்ற வேண்டும். சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் காற்றின் ஈரம் மாவில் படிந்துவிடும். வண்டு போய்ப் பூஞ்சை வந்து சேரும்.

•••

அதோடு, பழைய மாவின் தலையில் புதுசைக் கொட்டவே கூடாது. டப்பாவைக் காலி செய்து, கழுவி, காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

மூடி பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். விளிம்புக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவில் வைத்து மூடி, இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. நாலு பக்கமும், மூலைகளிலும் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமா? காலி டப்பாவை மூடித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை.

•••

மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் உள்ள பள்ளத்தில் கருப்பாக ஒரு கோடு ஓடும். பூஞ்சை. கத்தியால் நெம்பினால் வளையம் கீறிப்போகும். ஸ்பூன் காம்பால் எடுங்கள். ஈரத்தோடு திரும்ப மாட்டினால் கழுவியதே வீண்.

•••

சமைத்ததைக் கொதிக்கக் கொதிக்க அடைப்பதுதான் பெரிய தப்பு. ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்து உள்ளேயே சொட்டும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். திரவத்தை ஃப்ரீசரில் வைப்பதானால் மேலே 2 செ.மீ. இடம் விடுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், கண்ணாடி தாங்காது.

•••

ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போடுகிறவர்கள் கவனிக்கவும். அதில் இருப்பது இரும்புத் தூள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள காய்ந்த பொருளுக்கு மட்டும்தான் அது. சர்க்கரையில் போட்டால் பாறையாக இறுகும், தட்டித்தான் எடுக்க வேண்டும். ஈரமுள்ள பொருளில் போட்டால் ஆபத்தே வேறு: காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் பொட்டுலிசம் (உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோய்) கிருமி நஞ்சு சுரக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டும் இதே கணக்குதான். வாடையோ நிறமோ மாறாமலே இருக்கலாம், அதனால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்க முடியாது. அந்தப் பூண்டு எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

•••

கொட்டை வகைகளுக்கு ஒரு வார்த்தை. பாதி தீர்ந்த டப்பாவில் மீதிப் பாதி காற்றுதான், சிக்கு வாடை அதனால்தான் வருகிறது. குறையக் குறையச் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். காளானை மட்டும் அடைக்காதீர்கள். அது மூச்சு விடும், வியர்த்து வழவழத்துவிடும். காகிதப் பையே போதும்.