குளச்சலில் தோத்தவன் அங்கே மட்டும் எப்படி ஜெயிச்சான்?

வெட்டுக்கத்தி (குலசேகரம் பக்கம்)

ரெண்டு நாளா விடாத மழை. ரப்பர் மரத்துக்கு மழைத்தண்ணி தடுக்கிற பிளாஸ்டிக் இன்னும் ஒட்டல, அதனால பால்வெட்டும் இல்ல. சும்மா இருக்கிற நேரம் பாத்து ஒம்பதாம் கிளாஸ் படிக்கிற எனக்க மவ ஒரு கேள்விய எடுத்துப் போட்டுட்டா.

போன மாசம் குளச்சலுக்குப் போனப்போ கடற்கரையில வெற்றித் தூணைக் காட்டிக் குடுத்தேன். 1741-ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரன இங்க வச்சாக்கும் தோக்கடிச்சார்னு பெருமையா சொன்னேன். அதை மனசுல வச்சுக்கிட்டு நேத்து கேக்கா: "அமெரிக்காவுலயும் ராஜா, பட்டாளம், கோட்டை எல்லாம் இருந்துதே, அவிய மட்டும் ஏம்ப்பா தோத்தாவ? இங்க வந்தவன் திரும்பிப் போயிட்டான், அங்க போனவன் அங்கயே இருந்துட்டானே?" துப்பாக்கின்னேன். "துப்பாக்கி இங்கயும்தான கொண்டு வந்தான்"னு மடக்கிட்டா.

ராத்திரி மரச்சீனியும் சாளைக்கறியும். உக்காந்து தின்னும்போதுதான் எனக்கே உறைச்சுது. கிழங்கு பிரேசில்ல இருந்து வந்தது, கறியில போட்ட வத்தல் அந்தப் பக்கத்துது, முற்றத்துல நிக்க பப்பாளியும் அதே. நான் வெட்டுற ரப்பர கேக்கவே வேண்டாம். செடியெல்லாம் இங்க வந்து சேந்துட்டு. அதை வச்சு வளத்த ஆளுவ எங்க போனாவ?

தெரிஞ்சவிய எழுதுங்க. நீளமா இருந்தாலும் படிப்பேன், மழை விடுற மாதிரி இல்ல.

பழைய வாத்தியார் (கோட்டாறு)

தம்பி, முதல்ல டச்சுக்காரன் கதையை முடிச்சுருவோம். அவன் அங்கயும் தோத்தவன்தான். பிரேசிலோட வடகிழக்குக் கரையை 1630-ல பிடிச்சான், 1654-ல போர்ச்சுகீசியர் விரட்டிட்டாங்க. இன்னைக்கு நியூயார்க்னு சொல்ற ஊரு அவன் கையில இருந்தது, 1664-ல இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான். பெருசா அள்ளினவன் ஸ்பெயின்காரன்.

1519-ல கோர்த்தேஸ் மெக்சிகோவுல இறங்கினப்போ கூட வந்த பட்டாளம் ஐந்நூறு சொச்சம் பேர். அங்கே ஆண்ட அஸ்டெக் ஜனங்களோட தலைநகரம் தெனோச்தித்லான் அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர் பலதை விடப் பெருசு. ஐந்நூறு பேர் துப்பாக்கி வச்சிருந்தா மட்டும் நடக்கிற காரியமா? அஸ்டெக்குக்குப் பகையாளியான த்லஸ்கலாக்காரங்க ஆயிரக்கணக்குல கோர்த்தேஸ் பக்கம் போனாங்க. அடுத்தது, 1520-ல உள்ள நுழைஞ்ச பெரியம்மை.

இதை உங்க மகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். அம்மைன்னா நமக்கு முத்தாரம்மன் உண்டு, வேப்பிலை உண்டு, வீட்டுக்குள்ள யார் வரலாம் யார் வரக்கூடாதுன்னு முறை உண்டு. அத்தனை தலைமுறையா அதோட பழகின ஜனம் நாம. சின்ன வயசுல வந்து பிழைச்சவனுக்குத் திரும்ப வராது, அதனால வீட்டுல நாலு பேர் படுத்தாலும் தண்ணி கொடுக்க அஞ்சாவது ஆள் இருப்பான். அங்கே அந்த நோயே அதுக்கு முன்னாடி கிடையாது. கிழவன், குழந்தை, பட்டாளத்துக்காரன் எல்லாரும் ஒண்ணாப் படுத்தாங்க. கஞ்சி வைக்க ஆளில்லாமப் பட்டினியில செத்தவங்களும் நிறைய. புதுசா பட்டத்துக்கு வந்த அஸ்டெக் ராஜா குயித்லாவாக்கும் அம்மையிலதான் போனார். 1521 ஆகஸ்ட் 13-ல ஊர் விழுந்தது. பெருவுலயும் இதே மாதிரிதான்: ராஜா செத்து, மகன்கள் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு ஓய்ஞ்ச நேரம் பாத்து 1532-ல பிசாரோ 168 பேரோட வந்து நின்னான்.

இங்கே நேர்மாறு. நம்ம காய்ச்சல் வந்தவனைத்தான் கொன்னுது. வந்தவனுக்கு வேண்டியதும் நல்லமிளகு, குடியிருக்க மண் இல்ல. ஆனா ஜெயிச்சுட்டோம்னு ரொம்பத் தலையை ஆட்ட வேண்டாம். இங்கிலீஷ்காரனை எதிர்த்து நின்ன திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய்க்கு 1809-ல என்ன ஆச்சுன்னும் மகளுக்குச் சொல்லிக் கொடுங்க.

வட அமெரிக்காவுல மண்ணுக்குத்தான் போனான். 1830-ல சட்டம் போட்டு செரோக்கி மாதிரி இனங்களை மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தினான். 1838-39-ல அந்த வழியில செரோக்கி மட்டும் சுமார் 4,000 பேர் செத்தாங்க. அப்புறம் 1862-ல இன்னொரு சட்டம், குடியேற வர்ற ஒரு ஆளுக்கு 160 ஏக்கர். நம்ம கணக்குல 16,000 சென்டு! அஞ்சு சென்டு வழிக்காக 11 வருஷமா கோர்ட்டுக்கு நடக்கிறவன் நான். எழுதும்போதே கை நடுங்குது.

அண்டியாபீஸ்காரி (மார்த்தாண்டம்)

சாரே, பாதிக் கதைதான் சொன்னிய. அங்க உள்ளவன் செத்துப்போன பிறகு கரும்பு வெட்டுனது ஆரு? ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல ஏத்துனது ஒண்ணேகால் கோடி பேர். அதுல 48 லட்சத்துக்கு மேல பிரேசில்லதான் எறக்கினான். அங்க அடிமைத்தனம் ஒழிஞ்சது 1888-ல. நம்ம திருவிதாங்கூர்ல 1855. அதுக்கு முன்னால நம்ம ஊர்லயும் ஆள வித்து வாங்கியிருக்காவ, கூலியில்லா ஊழியம் செய்யச் சொல்லியிருக்காவ. அதையும் பிள்ளைக்குச் சொல்லணும், இல்லியா?

நான் 19 வருசமா கொல்லாங்கொட்டை உடைக்கேன். அந்த மரமும் பிரேசில்ல இருந்து போர்ச்சுகீசியன் கொண்டு வந்தது. 'காஜு'ங்கிற பேரே அங்க உள்ள துப்பி ஜனங்களுக்க வாக்காக்கும். தோட்டுல உள்ள எண்ணெய் கையில பட்டா தொலி உரியும். சாம்பல தேச்சுக்கிட்டுதான் உடைப்போம். அப்படியும் எனக்க விரல் நுனி கறுத்தேதான் இருக்கு. வங்கியில ரேகை வைக்கப் போனா மிசின் எடுக்காது. பேரு அவியளது, கறை எங்களுக்கு.

நாலுமுக்கு

நல்லமிளகுன்னு வாத்தியார் எழுதினதும் ஒண்ணு ஞாபகம் வந்தது. கொலம்பஸ் தேடிப் போனதே நம்ம நல்லமிளகைத்தான். 1492-ல போய்ச் சேர்ந்த இடத்துல அது இல்ல, காரமா இருந்த வத்தலுக்கே மிளகுப் பேரை வச்சுட்டான். ஸ்பெயின் பாஷையில மிளகு பிமியென்தா, மிளகாய் பிமியென்தோ. நாமளும் 'மிளகாய்'னு அதே வேலையைத்தான் செஞ்சோம். நல்லது எதுன்னு பிரிக்க வேண்டி வந்ததே அது வந்த பிறகுதான்னு எனக்குத் தோணும்.

வெட்டுக்கத்தி

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னது சுருக்குனு தச்சுது. பாட்டாவுக்க அம்மை ஊழியம் செஞ்ச கதை எங்க வீட்டுலயும் உண்டு.

நான் ராத்திரி ரப்பரத் தேடிப் படிச்சேன். 1876-ல விக்காம்னு ஒருத்தன் அமேசான்ல இருந்து 70,000 விதைய லண்டனுக்குக் கொண்டு போனான். முளைச்சது 3,000 தேறல. அந்தத் தைதான் இலங்கைக்குப் போயி, அப்புறம் நம்ம மலைக்கு வந்திருக்கு. ரப்பர் விதை சீக்கிரம் கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியும், அதனால அவ்வளவும் நம்புற மாதிரிதான் இருக்கு.

பிறகு புட்டுமாயோ, அதுவும் அமேசான் காட்டுப் பக்கம்தான். 1910-ல ரோஜர் கேஸ்மென்ட்னு ஒரு பிரிட்டிஷ் தூதர் நேர்ல போய்ப் பாத்திருக்கார். அங்க உள்ள ஜனங்க காட்டுல அலைஞ்சு ரப்பர் சேத்து, சுமந்து வந்து தராசுல வைக்கணும். எடை குறைஞ்சா சவுக்கு. முதுகுலயும் தொடையிலயும் கிடந்த தழும்புக்கு முதலாளி பேரே பேராம், அரானா அடையாளம்னு. இங்க ஷீட்டுல ஈரம்னு சொல்லிக் கடைக்காரன் ஒரு கிலோ கழிச்சா நான் ஊரக் கூட்டுவேன்.

மவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். தராசு வரைக்கும் கேட்டா. பிறகு எழும்பிப் போயி, புகைப்புரையில தொங்குற ஷீட்ட கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. ஒண்ணும் கேக்கல.

வாத்தியார் சாரே, அந்த அஞ்சு சென்டு என்ன ஆச்சு?

பழைய வாத்தியார் (கோட்டாறு)

அப்பீல்ல கிடக்கு.