டீம் ஃபன் ஆக்டிவிட்டி: நம்பிக்கை வளருமா, நேரம்தான் போகுமா?

பொன்னி_எச்ஆர்
பழைய ஆட்களும் புது ஆட்களும் கலந்த 12 பேர் டீம். கூச்சம் விட்டுப் பேச விளையாட்டு உதவுமா? உதவும்னுதான் நான் சொல்வேன், சரியான விளையாட்டா இருந்தா. மார்ஷ்மெல்லோ சேலஞ்ச் எடுத்துக்குங்க. நாலு பேருக்கு 20 ஸ்பாகெட்டி குச்சி (நூடுல்ஸ் மாதிரி, வேக வைக்காதது), மூணு அடி டேப், மூணு அடி நூல், ஒரு மார்ஷ்மெல்லோ (மெத்துன்னு இருக்கிற மிட்டாய்). 18 நிமிஷத்துல தானா நிக்கிற கோபுரம் கட்டி, உச்சியில மார்ஷ்மெல்லோவை வைக்கணும். பெரும்பாலான டீம் கடைசி நிமிஷத்துலதான் அதைக் கையில எடுக்கும். பார்க்க பஞ்சு மாதிரி இருந்தாலும், உச்சியில ஏறினதும் குச்சி வளையும், டேப் ஒட்டின மூட்டு விலகும், கோபுரம் பக்கவாட்டுல சாயும். எல்லாரும் சேர்ந்து சிரிப்பாங்க, யார் தப்புன்னு அங்க யாரும் கேக்கிறதில்ல. சேர்ந்து தோத்தும் ஒருத்தரும் திட்டு வாங்காத அனுபவம் ஆபீஸ்ல வேற எங்க கிடைக்குது?

மாறன்_கோட்
குச்சிக் கோபுரம் சரிந்தால் யாருக்கு நஷ்டம்? அதனால்தான் அங்கே சிரிக்க முடிகிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் எழுதிய உளவியல் பாதுகாப்பு வேறு: தவறை ஒத்துக்கொண்டாலோ, தெரியாததைக் கேட்டாலோ நம்மை மட்டம் தட்ட மாட்டார்கள் என்று டீம் முழுக்க நம்புவது. புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சிஸ்டம்) விழுந்த இரவில் மேனேஜர் முதலில் கேட்பது ‘யார் மெர்ஜ் பண்ணது?’ (அந்தக் கோடைச் சேர்த்தது யார்) என்றால், பத்து வெள்ளிக்கிழமை விளையாடியும் பயனில்லை. எந்த டீம் நன்றாக வேலை செய்கிறது, ஏன் என்று பார்க்க கூகுள் 2012இல் தொடங்கிய அரிஸ்டாட்டில் ஆய்விலும் இந்தப் பாதுகாப்புக்குத்தான் முதல் இடம். டீமில் எத்தனை பேர் கலகலப்பானவர்கள் என்பது அங்கே பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை.

பொன்னி_எச்ஆர்
அந்த இரவுல ஜூனியர் வாயைத் திறக்கணும்னா, அதுக்கு முன்னாடி ஒருதடவையாவது சீனியர்கிட்ட ‘இது நிக்காது’ன்னு சொல்லிப் பழகியிருக்கணும். ஆட்டத்தை மட்டும் நடத்திட்டுக் கலைஞ்சு போனா நீங்க சொல்றது சரி. அதனால ஆட்டத்துக்கு 18 நிமிஷம்னா, அதைப் பத்திப் பேச 20 நிமிஷம் ஒதுக்குங்க. மூணே கேள்வி: மார்ஷ்மெல்லோவை எத்தனாவது நிமிஷத்துல வெச்சுப் பார்த்தீங்க? சாயும்னு யாருக்கு முன்னாடியே தோணுச்சு? அவங்க ஏன் சொல்லல? மூணாவது கேள்விக்கு வர்ற பதில்தான் திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப்புக்கு (தினமும் நடக்கிற சின்ன டீம் மீட்டிங்) வேணும்.

பரிசு வைக்காதீங்க. இந்த ஆட்டத்தைப் பரப்பின டாம் வூஜெக் ஒருதடவை 10,000 டாலர் மதிப்புள்ள பரிசு அறிவிச்சார். அன்னிக்கு ஒரு டீம் கோபுரமும் நிக்கல.

லதா_டெலிவரி
ரெண்டு பேரும் ஆட்டத்தையே பேசுறீங்க. யார் வர்றாங்க, எப்போ வைக்கிறாங்கங்கிறதுலதான் முக்காவாசி கெடுது. வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு வெச்சா 6 மணி கேப் பிடிக்கிறவங்க கண்ணு கடிகாரத்துலதான் இருக்கும். புதன் காலை 11 மணிக்கு, டைம்ஷீட்ல வேலை நேரமாவே போட்டு வையுங்க. நைட் ஷிஃப்ட்டுக்கு அவங்க ஷிஃப்ட்லயே தனியா நடத்துங்க.

அறிமுகச் சுற்றுல ‘சொந்த ஊர் எது, கல்யாணம் ஆச்சா’ வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் ஊர்ல ஆரம்பிக்கிற கேள்வி தெரு வரைக்கும் போய், அங்கேருந்து சாதியில வந்து நிக்கும். அதுக்குப் பதிலா, ‘இந்த வாரம் வேலையில உங்களைக் கடுப்பேத்தின சின்ன விஷயம் என்ன?’ன்னு கேளுங்க. முதல் பதில் மேனேஜரோடதா இருக்கட்டும்.

இன்னொண்ணு, மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கு, சில பேர் தொட மாட்டாங்க. 7 கிராம் களிமண் உருண்டை போதும். ஸ்பாகெட்டிக்குப் பதிலா ஈர்க்குச்சி வேண்டாம். அது வளைஞ்சு கொடுத்துரும், உடையாது, ஆட்டமே சப்புன்னு போயிரும்.

மாறன்_கோட்
லதா சொன்ன நேர ஏற்பாடு நியாயமானது. வர விருப்பமில்லாதவர் கதி என்ன? பாரிஸில் ஒரு கன்சல்டிங் நிறுவனம் ‘ஃபன்’ கொள்கையோடு ஒத்துப்போகாததையும் ஒரு காரணமாகக் காட்டி ஒருவரை வேலையை விட்டு நீக்கியது. வார இறுதிக் குடிக் கொண்டாட்டங்களும் அந்த ‘ஃபனில்’ அடக்கம். கலந்துகொள்ள மறுப்பது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொன்னது. இங்கே நீக்க மாட்டார்கள். அப்ரைசலில் ‘டீம் பிளேயர் இல்லை’ என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான்.

பொன்னி_எச்ஆர்
அந்த வரி விழுந்தா அது அநியாயம், அதுல உங்க பக்கம்தான் நான். வருகைப் பதிவு எடுக்கக் கூடாது, போட்டோவை லிங்க்ட்இன்ல போடக் கூடாது. விளையாட விரும்பாதவங்களுக்கு நேரம் பார்க்கிற வேலை, டேப்பால உயரம் அளக்கிற வேலை இருக்கு. அதுவும் வேண்டாம்னா சீட்லயே இருக்கட்டும், காரணம் கேக்க வேண்டாம். அப்ரைசல் மாசத்துல இதை வைக்கவே கூடாது, அப்போ எல்லாரும் மேனேஜர் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க.

மாறன்_கோட்
இத்தனை நிபந்தனையோடு நடந்தால் எதிர்க்க மாட்டேன். ஆனாலும் ஒரு மணி நேரம் கையில் இருந்தால், என் ஓட்டு கடைசியாக விழுந்த டிக்கெட்டை (பதிவான கோளாறை) யார் பெயரும் எழுதாமல் அலசும் கூட்டத்துக்குத்தான்.

லதா_டெலிவரி
அந்தக் கூட்டத்துல முதல் 20 நிமிஷம் யாரும் பேசலைன்னா, அடுத்த வாரம் களிமண் உருண்டையை எடுத்துட்டுப் போங்க.